கூச்சலுக்கு யார் வழக்குப் போடுவது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். என் பெரியப்பா மகன் கொலையுண்ட வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. போன வாய்தாவில் அண்ணி கூண்டில் ஏறியதும், எதிரிகளின் உறவினர்கள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து நின்று கத்தினார்கள். டவாலி அதட்டியும் அடங்கவில்லை. நீதிபதி எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார். வழக்கு ஒரு மாதம் தள்ளிப்போனது. "கோர்ட்டிலிருந்து எழுதிக் கொடுத்தால்தான் நாங்கள் எதுவும் செய்ய முடியும்" என்றார் வாசலில் நின்ற காவலர். "வழக்குப் போடு என்று போலீசுக்கு நீதிபதி கட்டளையிட முடியாது" என்கிறார் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர். யார் சொல்வது சரி? அண்ணி இனிமேல் வரமாட்டேன் என்கிறார்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு.

வழக்கறிஞர் சொன்னதில் பாதிதான் சரி. வழக்குப் பதிந்து விசாரிக்கும்படி போலீசுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தே ஆகவேண்டும் என்று போலீசுக்கு மாஜிஸ்திரேட் கட்டளையிட முடியாது என்பதை 1967-ல் அபிநந்தன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எப்படியானாலும் உங்கள் கேள்விக்கு அந்த விதி தேவையே இல்லை. நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கும்போது வேண்டுமென்றே இடையூறு செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 267-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் குற்றத்தில், இடையூறுக்கு ஆளான நீதிமன்றமோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ, அதற்கு மேலான நீதிமன்றமோ எழுத்தில் புகார் கொடுத்தால் ஒழிய எந்த நீதிமன்றமும் வழக்கை ஏற்க முடியாது. ஆக, காவலர் சொன்னது சரிதான். நீதிபதி யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை, ஏனென்றால் இங்கே புகார்தாரரே அவர்தான்.

அன்றைக்கே முடிக்கவும் வழி உண்டு. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 384-வது பிரிவு (பழைய சட்டத்தில் 345) கத்தியவரை அங்கேயே காவலில் வைக்க அனுமதிக்கிறது. அன்று நீதிமன்றம் கலைவதற்குள் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை வெறுங்காவல். இது போதாது, சிறைத்தண்டனையே வேண்டும் என்று நீதிபதி கருதினால் தாமே கொடுக்க முடியாது. வழக்கை ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். தமக்கு நேர்ந்த அவமதிப்புக்குத் தாமே முழு நீதிபதியாக இருக்கக்கூடாது என்பதால் வைத்த வேலி அது. அந்த வேலி எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் இந்தப் பிரிவில் நான் பெரிதாக நினைப்பது அபராதத்தை அல்ல. எந்த வழக்கு, அது எந்தக் கட்டத்தில் இருந்தது, யார் என்ன செய்து தடுத்தார்கள் என்பதையெல்லாம் நீதிபதி பதிவு செய்தாக வேண்டும் என்கிறது அது. பதினைந்து பேர் கத்திய அந்த நாளில் "சாட்சி ஆஜர், விசாரணை ஒத்திவைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால், காகிதத்தில் அப்படி ஒரு கூச்சலே நடக்கவில்லை. மேல்முறையீட்டில் எந்த நீதிபதி படித்தாலும் அண்ணி ஏன் தடுமாறினார் என்பது தெரியாது. அறைக்குப் போவதற்கு முன் நான்கு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். கத்தியவர்களுக்கு வேண்டியது ஒரு மாத அவகாசம். அது கிடைத்துவிட்டது.

சட்டம் 'வேண்டுமென்றே' என்கிறது. நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கைப் பார்க்கப் போயிருந்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும்போது இறந்த பையனின் தாய் பின்வரிசையிலிருந்து "ஐயோ சாமி" என்று அலறினார். நீதிபதி படிப்பதை நிறுத்தச் சொல்லி, அந்தத் தாய்க்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து விசாரணை தொடர்ந்தது. அந்த அலறலும் உங்கள் அண்ணியின் முன் எழுந்த கூச்சலும் ஒன்றல்ல.

நம் மாவட்டங்களுக்கு இது புதிதும் அல்ல. 2000 பிப்ரவரியில் இலக்கியம்பட்டியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று வேளாண் கல்லூரி மாணவிகளின் வழக்கு முதலில் கிருஷ்ணகிரியில்தான் நடந்தது. சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றம் போனார். வழக்கு சேலத்துக்கு மாறி, புதிதாக விசாரிக்கப்பட்டு, 2007-ல்தான் தீர்ப்பு வந்தது. 1992-ல் வனத்துறை, போலீஸ் சோதனையின்போது வன்கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி மலைக்கிராமப் பெண்கள் 269 அதிகாரிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லி, 2011-ல் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பைப் பெற்றார்கள். ஒரு பெண் கூண்டில் நின்று பேசி முடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் ஊருக்குத் தெரியும்.

இனி அண்ணிக்கு. அவரை வரமாட்டேன் என்று சொல்ல விடாதீர்கள். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், அந்தப் பயம் நியாயமானது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 என்று ஒன்று உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதற்கான மனுவைப் பார்க்கும். நீதிமன்றத்துக்குப் போய்வரப் போலீஸ் துணை, சாட்சி சொல்லும்போது எதிரியின் முகத்தைப் பார்க்க வேண்டாதபடி ஏற்பாடு, இவையெல்லாம் கேட்கலாம். உடனே அரசு வழக்கறிஞரைப் பார்த்து மனுப் போடுங்கள். அன்று நடந்ததை உங்கள் கைப்பட எழுதி, யார் யார் கத்தினார்கள் என்று பெயரோடு அவரிடம் கொடுங்கள். அதை வைத்து அவர் நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுபோகலாம். எதிரிகள் ஜாமீனில் இருந்து, கூச்சலுக்குப் பின்னால் அவர்கள் இருப்பது தெரிந்தால் ஜாமீனை ரத்து செய்யவும் கேட்கலாம். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சாதவர்கள் இதற்கு அஞ்சுவார்கள். பொய்ச்சாட்சி சொல்லும்படி வீட்டுக்கு வந்து மிரட்டினால் அது தனிக் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. அதற்கு அண்ணியே நேராகப் புகார் கொடுக்கலாம்.

அடுத்த வாய்தா தேதியை எனக்கு எழுதுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அண்ணி கூண்டிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது, பின்வரிசையில் அவர் பக்கத்து ஆட்களும் நிறைய உட்கார்ந்திருக்க வேண்டும்.