கருமணி இல்லாத கண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் மோதிலியானியின் ‘மஞ்சள் ஸ்வெட்டர் அணிந்த ழான் எபுதெர்ன்’ ஓவியத்துக்கு, கையால் வரைந்த எண்ணெய் வண்ண நகல் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். சீனாவில் தாஃபென் என்ற ஊரிலிருந்து வந்தது. அசலில் கண்களுக்குள் கருமணி இல்லை. அம்மா பயப்படுவார் என்பதால் கருமணி வைத்துத் தரச் சொன்னேன், வைத்து அனுப்பினார்கள். வந்து மூன்று வாரமாகியும் எண்ணெய் வாசம் போகவில்லை. படத்தைப் பார்த்த நண்பர், “இது போலி. இதற்கு ஒரு பிரிண்ட் வாங்கி மாட்டியிருக்கலாம்” என்றார். விலையும் அதிகம் கொடுத்துவிட்டேனோ என்றிருக்கிறது. நகலை வீட்டில் மாட்டுவது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தவறே இல்லை. விலையைப் பற்றி இனி யோசிக்காதீர்கள். ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்ததற்கான கூலி அது.

நண்பருக்கு நகல் வேறு, போலி வேறு என்பது தெரியவில்லை. மோதிலியானியே வரைந்தது என்று சொல்லி விற்றால்தான் அது போலி. 2017ல் இத்தாலியின் ஜெனோவாவில் நடந்த அவர் படங்களின் கண்காட்சியில் அந்தச் சந்தேகத்தின் பேரில் 21 படங்களைப் பறிமுதல் செய்தார்கள். உங்களுடையது நகல் என்று சொல்லியே வந்தது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் படி எடுக்க அனுமதி தருகிறார்கள். அசலின் அளவிலேயே வரையக்கூடாது, கையெழுத்தைப் போடக்கூடாது என்பார்கள். பிரெஞ்சு ஓவியர் செசானும் 1863ல் அந்த அனுமதியை வாங்கியவர்தான்.

நண்பரை விடுங்கள். எனக்குக் கோபம் உங்கள் மேல். கருமணி வைக்கச் சொன்னீர்களே, ஏன்?

மோதிலியானி 1909 வாக்கிலிருந்து சில வருடங்கள் கல்லில் தலைகள் செதுக்கினார். நீண்ட மூக்கு, பாதாம்பருப்பு போன்ற கண்கள். காசநோயாளிக்குக் கல் தூசி ஆகாது; கல் வாங்கக் காசும் இல்லை; முதல் உலகப் போரும் வந்தது. உளியை வைத்துவிட்டார். கல்லில் பழகிய அந்தக் கண்தான் கான்வாசுக்கு வந்து சேர்ந்தது. கருமணி வைத்தும் அவர் நிறைய வரைந்திருக்கிறார். ஓவியர் சுர்வாஜின் முகத்தில் ஒரு கண்ணுக்கு வைத்து மறு கண்ணை வெறுமையாக விட்டார். அப்படியென்றால், எங்கே விட வேண்டும் என்று யோசித்துத்தான் விட்டிருக்கிறார். நீங்கள் அதை ஏதோ விடுபட்டுப்போனது போல நிரப்பச் சொல்லியிருக்கிறீர்கள்.

இதை நானும் செய்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் ஒரு மாஸ்டரிடம் எண்ணெய் வண்ணம் படித்தேன். செசான் தன் மனைவியைச் சிவப்பு உடையில் உட்காரவைத்து வரைந்த படத்தைக் கொடுத்து, படி எடுக்கச் சொன்னார். அதில் அந்த அம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பார். நாற்காலியும் சரியாக நிற்காது. அச்சில்தான் ஏதோ கோணிவிட்டது என்று நினைத்து, பென்சிலால் நடுக்கோடு போட்டு நிமிர்த்தி உட்காரவைத்தேன். நான்கு நாள் வேலை. மாஸ்டர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. தட்டையான கத்தியை எடுத்து, தோளிலிருந்து மடிவரை ஒரே இழுப்பில் வழித்தார். சிவப்பெல்லாம் கத்தி முனையில் உருண்டு திரண்டது. அதை என் பலகையிலேயே தட்டிவிட்டு, “சாய்வை வரை. அப்புறம் ஏன் சாய்ந்திருக்கிறார் என்று கேள்” என்றார்.

அன்று அழுதேன். மறுநாள் சாய்த்து வரைந்தபோதுதான் தெரிந்தது, பின்னால் சுவரில் ஓடும் பட்டையும் கோணல், கைகளும் அந்தக் கோணலுக்கு ஏற்ப இறங்கியிருக்கின்றன. ஒன்றை நிமிர்த்தினால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். இது படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. கை போய்த் தடுக்கினால்தான் தெரியும். பிரிண்டை விடக் கையால் எடுத்த நகல் மேல் என்று நான் சொல்வது இதனால்தான். இயந்திரம் எங்கேயும் தடுக்காமல் போய்விடும்.

வான்கோ மாற்றவில்லையா என்று கேட்பீர்கள். செயிண்ட் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களில் இருபதுக்கு மேல் படி எடுத்தார். அவர் முன்னால் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். வண்ணத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. குனிந்து அறுவடை செய்பவரை நிமிர்த்தி நிற்கவைக்கவில்லை.

தாஃபென் ஓவியரைக் குறை சொல்லாதீர்கள். 1989ல் ஹாங்காங் வியாபாரி ஒருவர் இருபது பேரோடு வந்து தொடங்கியது அந்த ஊரின் தொழில். வாடிக்கையாளர் சொன்னதைச் செய்வதுதான் அவர்கள் பிழைப்பு. அந்தக் கருமணிக்குப் பொறுப்பு நீங்கள்.

மோதிலியானியின் துணைவியான ழானும் ஓவியர்தான் என்பது உங்களுக்குத் தெரியுமா? தன் முகத்தைத் தானே வரைந்தவள். மோதிலியானி 1920 ஜனவரி 24ல் இறந்தார். இரண்டு நாளுக்குள் அவளும் போனாள். அப்போது 21 வயது, நிறைமாதம். அவள் வரைந்தவை பல பத்தாண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. இருவருமே விட்டுச்சென்ற முகம் அது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். பயம் போனாலும் போகும்.

சரி, மூன்று வாரம்தான் ஆகிறது என்றீர்கள், நல்லது. இன்னும் வார்னிஷ் அடித்திருக்க மாட்டார்கள். அடிக்கவும் வேண்டாம், எண்ணெய் முழுதாகக் காய மாதங்கள் ஆகும். வெள்ளை ஒரு டியூப், நீலம் ஒன்று, துளி கறுப்பு, கொஞ்சம் லின்சீட் எண்ணெய், ஒரு மெல்லிய தூரிகை வாங்குங்கள். அசலின் நல்ல அச்சு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கண்களில் உள்ள அந்த வெளிறிய நீலம் கிடைக்கும்வரை கலந்துகொண்டே இருங்கள். ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆகட்டும். பிறகு பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்து, கருமணியை நீங்களே மூடுங்கள். ஒரு கண்ணை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். மற்றதை மறுநாள் செய்யலாம்.