பன்றியால் பிரிந்த சட்டமன்றம்: மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் பற்றிய கேள்வி பதில்

அண்ணா, பாஸ்டன் பக்கம் பியூரிட்டன்கள் நடத்தியது பாதிரியார் ஆட்சிதானே?

பியூரிட்டன்கள் என்றால் இங்கிலாந்து சர்ச்சை இன்னும் தூய்மையாக்க வேண்டும் என்ற கிறிஸ்தவர்கள், அமெரிக்காவில் போய்க் குடியேறியவர்கள். அவர்களைப் பற்றிப் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே பாதிரியார் அரசுப் பதவிக்கே வர முடியாது. கல்யாணத்தைக்கூட மாஜிஸ்திரேட் என்ற அரசு அதிகாரிதான் நடத்தி வைத்தார். அப்புறம் ஏன் இந்தப் பேச்சு என்றால், 1631இல் போட்ட விதி ஒன்று: சர்ச் உறுப்பினராக இருக்கும் ஆணுக்கு மட்டும்தான் ஓட்டு. கொஞ்ச காலத்தில் உறுப்பினராவதும் லேசில்லை என்று ஆகிவிட்டது. தேவ அருள் தன்னை எப்படித் தொட்டது என்று சபை முன்னால் சொல்ல வேண்டும், அதைக் கேட்பவர்கள் நம்பவும் வேண்டும். ஆக, யாருக்கு ஓட்டு என்பதில் சர்ச்சின் பிடி இருந்தது.

இங்கிலாந்து ராஜா எப்படிச் சம்மதித்தார்?

அவர் 1629இல் சாசனம் கொடுத்தது ஒரு வணிகக் கம்பெனிக்கு. கம்பெனிக் கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. கம்பெனித் தலைவர் ஜான் வின்த்ரோப்பும் கூட்டாளிகளும் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, 1630இல் சாசனத்தையே கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்! கம்பெனித் தலைவரே கவர்னர், பங்குதாரர் கூட்டமே ‘ஜெனரல் கோர்ட்’, அதாவது சட்டம் போடுவதும் வழக்கு கேட்பதுமான சட்டமன்றம். 1634இல் ஊர்ப் பிரதிநிதிகள் சாசனத்தைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தால், சட்டம் போடும் அதிகாரம் ஓட்டுரிமை உள்ள எல்லாருக்குமே இருக்கிறது. வின்த்ரோப் அந்த வருடத் தேர்தலில் கவர்னர் பதவியை இழந்தார்.

பன்றி வழக்கால் சட்டமன்றம் இரண்டானது என்கிறார்களே, கட்டுக்கதையா சார்?

நிஜம்தான். ஷெர்மன் என்ற பெண்ணின் பன்றி தொலைந்துபோனது. ராபர்ட் கெயின் என்ற பணக்கார வியாபாரி அதைப் பிடித்து அறுத்துவிட்டார் என்று அவர் குற்றம் சாட்டினார். நான் அறுத்தது என் சொந்தப் பன்றி என்றார் கெயின். சர்ச்சும் ஜூரியும் கெயின் பக்கம் நின்றன, அவர் விடாமல் அவதூறு வழக்கு வேறு போட்டு 20 பவுண்டு வாங்கினார். அதிக விலைக்குச் சரக்கு விற்றதற்காக 1639இல் அபராதம் கட்டிய ஆள் அவர், ஊருக்குள் ஏற்கெனவே கெட்ட பெயர். 1642இல் வழக்கு ஜெனரல் கோர்ட்டுக்கு வந்தபோது ஷெர்மனுக்கு 17 ஓட்டு, கெயினுக்கு 15. ஆனால் அந்த 17இல் மாஜிஸ்திரேட்டுகள் 2 பேர்தான், கெயின் பக்கம் 7 பேர்; மற்ற ஓட்டெல்லாம் ஊர்ப் பிரதிநிதிகளுடையது. தங்களில் பெரும்பாலோர் சம்மதிக்காமல் எதுவும் செல்லாது என்று மாஜிஸ்திரேட்டுகள் பிடிவாதம் பிடிக்க, சண்டை முற்றி 1644இல் மாஜிஸ்திரேட்டுகளும் ஊர்ப் பிரதிநிதிகளும் தனித்தனி அவையாக உட்கார ஆரம்பித்தன. பன்றி ஒரு சாக்குதான், அடியில் இருந்தது பணக்காரன் மேல் ஊருக்கிருந்த கடுப்பு என்பது என் கட்சி.

கிறிஸ்துமஸுக்கு அபராதமா?

ஆமாம், 1659 சட்டப்படி 5 ஷில்லிங். பைபிளில் அந்தப் பண்டிகை இல்லை என்பது அவர்கள் வாதம். 1681இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

மத சுதந்திரம் தேடிப் போனவர்கள் குவேக்கர்கள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரைத் தூக்கிலிட்டது எந்த நியாயம்?

அவர்கள் தேடியது தங்கள் மதத்துக்கான சுதந்திரம், மற்றவர்களுக்கும் சேர்த்து என்று எப்போதும் சொன்னதில்லை. 1637இல் பாதிரியார்களின் போதனையை விமர்சித்த ஆன் ஹட்சின்சன் என்ற பெண்ணை விசாரித்தபோது, வின்த்ரோப்பின் கேள்விகளுக்கெல்லாம் அந்த அம்மாள் வேதவசனத்தை வைத்தே சளைக்காமல் பதில் சொன்னார். கடைசியில் கடவுள் தன்னிடம் நேரடியாகப் பேசினார் என்று வாய்விட்டார், அதுவே போதுமாகிவிட்டது, நாடு கடத்தல். குவேக்கர்களையும் முதலில் விரட்டத்தான் செய்தார்கள். திரும்பி வந்தால் தூக்கு என்று சட்டம் போட்டும் வந்தார்கள். 1659 முதல் 1661 வரை 4 பேரைத் தூக்கிலிட்டார்கள், மேரி டையர் அதில் ஒருவர்.

நம்ம சென்னை கவர்னர் யேல் இந்தக் கூட்டமா?

பிறந்தது பாஸ்டனில், 1649. சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னர், பதவியில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் செய்ததாகப் புகார், பதவி போனது. 1718இல் கனெக்டிகட்டில் பியூரிட்டன் பாதிரியார்கள் நடத்திய கல்லூரிக்குப் புத்தகமும் துணிமணியும் அனுப்பினார், அவர்கள் அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்துவிட்டார்கள், அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.