அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் தானியங்கி வசதிகள்) உள்ள கார் ஓட்டினால் கவனம் குறைந்துவிடுமா? அணைத்துவிடலாமா?

புது கார் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டீயரிங் தானாக இழுக்கிறது, பைக் குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கிறது, பயமாக இருக்கிறது, அப்படித்தானே? எல்லாவற்றையும் அணைக்க வேண்டாம்.

கவனத்தை உண்மையிலேயே கெடுப்பது அடாப்டிவ் க்ரூஸ், அதாவது முன்வண்டியிலிருந்து இடைவெளி விட்டு வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி. 80 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகும். 2 நொடி இடைவெளி வைத்தால் முன்வண்டி 44 மீட்டர் தள்ளி இருக்கும். நம் நான்குவழிச் சாலையில் அவ்வளவு காலி இடத்தைப் பார்த்து நுழையாதவர் யார்? ஒவ்வொருவர் நுழையும்போதும் கார் வேகம் குறையும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அந்த எரிச்சலில் பலர் இடைவெளியை ஒரு நொடிக்குக் குறைத்துவிடுகிறார்கள். இப்போது 22 மீட்டர்தான். காலோ பெடலில் இல்லை, தரையில். நிலைமை புரிந்து மிதிக்க ஒன்றரை நொடி என்றாலும் 33 மீட்டர் போய்விடும். இடைவெளியைக் குறைக்காதீர்கள். நெரிசலில் க்ரூஸையே விட்டுவிடுங்கள்.

இரவில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி இதைவிட மோசம். பாலம், பெயர்ப்பலகைக்கெல்லாம் கார் நின்றுவிடக் கூடாதே என்று, அசையாத பொருளிலிருந்து வரும் ரேடார் எதிரொலியில் பெரும்பகுதியைக் கணினி ஒதுக்கிவிடும். வேகமாகப் போகும்போது நிற்கும் வண்டிக்கு பிரேக் பிடிக்காமல் போகலாம் என்று கையேட்டிலேயே இருக்கும். டெலிவரி அன்று மாலை போட்டு போட்டோ எடுக்க அரை மணி நேரம் ஒதுக்கும் ஷோரூம்காரர்கள் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை.

தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று கமெண்டில் கிளம்பிவிடாதீர்கள். லேன் உதவி நல்லதே செய்கிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். அந்தத் தொல்லைக்காகவே இண்டிகேட்டர் போடும் பழக்கம் வந்துவிடும். கோடு அழிந்த சாலையில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

எச்சரிக்கை ஒலி வேறு கதை. 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் நிற்காமலும் ஒலி வருகிறது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் முடிந்தது. மோதல் எச்சரிக்கையும் அடிக்கடி கத்தினால் அதே கதிதான். ஊருக்குள் அதன் உணர்திறனை ஒரு படி குறைத்து வையுங்கள், அணைக்காதீர்கள்.

அடாஸுக்கான கேமரா உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டி இருக்கும். ஃபாஸ்டேகை அதன் பார்வையை மறைக்காமல் தள்ளி ஒட்டுங்கள். முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லி, பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.