யாருக்கு நல்ல காத்து?

"அண்ணா, எனக்கு குடியாத்தம். நம்ம பக்கம் கடலும் இல்ல, ஆத்துல தண்ணியும் இல்ல. கடல் பறவை பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. லீவுல மெட்ராஸ் வந்தா எந்த நல்ல காத்துல கரையோரமா நிறைய போகும்? பைனாகுலர் எது வாங்கலாம்?"

தம்பிக்கு,

பைனாகுலர் எட்டுக்கு நாப்பத்திரண்டு போதும் (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்னாடி கண்ணாடி அகலம் நாப்பத்திரண்டு மில்லிமீட்டர்), கடன் வாங்கி வாங்காத. காத்துன்னா கொண்டல், அதாவது கெழக்கு காத்து. கடல்லேர்ந்து கரைக்கு ரெண்டு மூணு நாள் விடாம அடிச்சா நடுக்கடல்ல திரியறதெல்லாம் கண்ணுக்கு எட்டற தூரத்துக்கு வரும். மேல்காத்துன்னா வெறுங்கடல பாத்துட்டு காட்பாடிக்கு ட்ரெயின் புடிக்க வேண்டியதுதான்.

ஆனா "நல்ல காத்து"ன்னு எழுதிருக்க பாரு, அதுதான் உறுத்துது. யாருக்குடா நல்லது?

2016 டிசம்பர் 12 வர்தா புயல் மெட்ராஸ்ல கரை ஏறுச்சு. மறுநாள் காலைல எங்க காட்பாடி வீட்டு மாடில, தண்ணி டேங்க் ஓரமா ஒரு பறவை. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, வாலு கத்திரிக்கோலாட்டம். பக்கத்து வீட்டு ஆயா "இன்னாடா இது, காக்காக்கு பாதி சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது"ன்னுச்சு. ஆலான்னு சொல்ற பறவைல கடல்லயே வாழற ஒரு வகை அது, முட்டை வைக்கத்தான் தீவுல எறங்கும், மத்தபடி வருஷக்கணக்கா கடல் மேலயே பறக்கும், இறக்கை ஊறிடும்னு தண்ணில கூட சரியா உக்காராது. அது நூறு கிலோமீட்டருக்கு மேல உள்ள வந்து எங்க மொட்டமாடில கண்ண மூடி மூடி தொறக்குது. ஆயா பாலும் சோறும் வச்சுது. கடல் பறவைக்கு கண்ணுக்கு மேல உப்பு சுரப்பி இருக்குன்னு படிச்ச திமிருல நான் உப்புத்தண்ணி கலக்கி வச்சேன். ரெண்டையும் தொடல. தூக்குனா ஒரு சொம்பு தண்ணி கனம் கூட இல்ல, நெஞ்செலும்பு கத்தியாட்டம் விரல்ல குத்துச்சு. மத்தியானம் செத்துடுச்சு. அதுக்குள்ள நான் நாலு போட்டோ எடுத்துட்டேன், நம்ம ஊர்ல இது கெடைச்சுதேன்னு அவ்ளோ சந்தோஷம். அத நெனச்சா இன்னிக்கும் கூசுது.

அப்புறம், நம்ம பக்கம் ஒண்ணும் இல்லன்னு எல்லாரும் பாடற பாட்ட நீயும் பாடாத, கோவம் வருது. காவேரிப்பாக்கம் ஏரிய ஒரு தடவையாவது முழுசா பாத்திருக்கியா? பனிக்காலத்துல மீசை ஆலா தண்ணிய உரசிகினு போகும், அதுக்கு புயல் எல்லாம் வேணாம்.

கடலுக்கும் போ, வேணாம்னு சொல்லல. மணல்ல ஒண்ணு சோர்ந்து உக்காந்திருந்தா கிட்ட ஓடாத, நாய் வந்தா விரட்டு. மொதல்ல ஏரிக்கு ஒரு ஞாயித்துக்கெழம வா. பைனாகுலர் என்கிட்ட ரெண்டு கீது.