ஆர்.சி. தொலைந்த காரை விற்பது

வீடு மாற்றும்போது காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) தொலைந்துவிட்டது, வாங்குபவரோ "கையெழுத்து மட்டும் போடுங்க, மற்றதை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு. 2018இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கை எடுக்கலாம். அதை வைத்து மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் படிவம் 26 மூலம் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்கட்டும்.

கார் லோன் இருந்ததா? கட்டி முடித்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாகப் போகாது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையின்மைச் சான்று), அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35உம் கேட்டு வாங்குங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நகல் வந்த அப்புறம் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போடலாம், அதுவும் வெற்றுப் படிவத்தில் வேண்டாம்.