ஃபோர்முலா 1 பந்தயத்தில் சிறிய தனி அணிகள் பிழைக்க, செலவுக்கு உச்சவரம்பு வைத்தால் போதுமா?

போதாது என்பது என் கட்சி. உச்சவரம்பு பெரிய அணியின் கையைக் கட்டும், அவ்வளவுதான். சின்ன அணியின் சட்டைப்பையில் ஒரு சதமும் போடாது.

ஓர் அணி ஓராண்டில் செலவிடக்கூடிய தொகைக்கு 2021இல் 145 மில்லியன் டொலராகத் தொடங்கிய அடிப்படை வரம்பு 2023இல் 135 மில்லியனுக்கு இறங்கியது. ஓட்டுநர் சம்பளமும் விளம்பரச் செலவும் அந்தக் கணக்கிலேயே வராது. 2021இல் வரம்பை மீறிய ரெட் புல் அணிக்கு 7 மில்லியன் டொலர் அபராதம் விழுந்தது. கூடவே, காரின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் காற்றியக்கச் சோதனையின் அளவில் 10 சதவீதம் வெட்டும் விழுந்தது. வெட்டுத்தான் உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சோதனை அளவைப் புள்ளிப்பட்டியலைத் தலைகீழாக்கிப் பங்கிடுகிறார்களே, முதலிடத்துக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம், பத்தாமிடத்துக்கு 115 என்று, அது வரம்பைவிட நியாயமான விதி.

ஆனால் சிறிய அணிகள் நெஞ்சை நிமிர்த்தி ஓடிய காலத்தில் வரம்பே கிடையாது. நல்ல எஞ்சின் கடைச்சரக்காகக் கிடைத்தது. ஃபோர்ட் நிறுவனம் ஒரு லட்சம் ஸ்டெர்லிங் பவுண் கொடுத்துச் செய்வித்த கோஸ்வர்த் டிஎஃப்வி என்ற எஞ்சின், 1967இல் நெதர்லாந்தின் சாண்ட்வோர்டில் ஓடிய முதல் பந்தயத்திலேயே ஓட்டுநர் ஜிம் கிளார்க்குக்கு வெற்றி தந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மற்ற அணிகளும் அதை வாங்கலாம் என்றானது. 1983 வரை அந்த எஞ்சின் குடும்பம் 155 பந்தயங்களை வென்றது. கார் கட்டத் தெரிந்தவர்களுக்கு எஞ்சின் கவலை இல்லாமல் போயிற்று.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உள்ளூர்ப் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்பவர், பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குத்தான் போகிறார். கழற்றிய ஜப்பான் கியர்பெட்டியின் தண்டைக் கையால் சுழற்றி, பற்களில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார். கியர்பெட்டியைத் தானே வார்த்தெடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் நம் ஊரில் பந்தயமே நடக்காது.

2010இல் மூன்று புதிய அணிகள் வந்தன. முந்தைய ஆண்டு பேசப்பட்ட 40 மில்லியன் பவுண் வரம்பு அவர்களை உள்ளே இழுத்தது. பிறகு அது நடைமுறைக்கே வரவில்லை. எச்ஆர்டி 2012 முடிவில் போனது, கேட்டர்ஹாம் 2014இல், கடைசியாக மேனர் 2017 ஜனவரியில். அதே காலத்தில், 2016இல் வந்த ஹாஸ் அணி விதி அனுமதித்த பாகங்களை ஃபெராரியிடம் வாங்கி, காரின் உடற்சட்டத்தைப் பந்தயக் கார் கட்டும் டல்லாரா நிறுவனத்திடம் செய்வித்து, ஆஸ்திரேலியாவில் ஓடிய முதல் பந்தயத்திலேயே ஆறாமிடம் பிடித்தது. பெரிய அணிகள் முணுமுணுத்தன. முணுமுணுக்கட்டும்.

என்னைக் கேட்டால் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நிலையான விலை வைத்து, கேட்கிற அணிக்கு விற்றே ஆக வேண்டும் என்று விதிக்க வேண்டும். பரிசுப் பணத்தில் கடைசி அணிக்கும் வயிறு நிறையும் பங்கு வேண்டும். நுழைவுக் கட்டணத்தையும் தொட வேண்டும்: பந்தயத்தை நடத்துபவர்களும் அணிகளும் செய்துகொண்ட 2020 ஒப்பந்தப்படி, புதிதாக வரும் அணி ஏற்கெனவே உள்ள அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க 200 மில்லியன் டொலர் வைக்க வேண்டியிருந்தது. அன்றைய ஓராண்டுச் செலவு வரம்பைவிட வாசற்படிக்கே விலை அதிகமாக இருந்தது.