கதிர்வீச்சு புரதத்தை வேகவைக்குமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக என் தாயாருக்கு நாளொன்றுக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வீதம் 25 நாட்கள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டும் என்கிறார்கள். அது உடலின் புரதத்தை முட்டைபோல் வேகவைத்துவிடும் என்கிறார் ஓர் உறவினர். ஈடுகட்ட வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் கொடுக்கலாமா?

பதில்: 2 கிரே கதிர்வீச்சு, திசுவின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உயர்த்துவதில்லை, எனவே எதுவும் வேக வழியில்லை. கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. செல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அடி பெரும்பாலும் நீர் மூலக்கூறுகள்மீதே விழுகிறது. அங்கே பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்கள் (இணையற்ற எலக்ட்ரானால் எதனுடனும் உடனே வினைபுரியும் துகள்கள்) அருகிலுள்ள புரதத்தையும் டிஎன்ஏவையும் தாக்குகின்றன.

புரதத்தில் சிஸ்டீன், மெத்தியோனைன், டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. ஆயினும் பெரும்பாலான புரதங்களுக்கு ஏராளமான பிரதிகள் இருப்பதாலும், பழுதானதைச் சிதைத்துப் புதியதைச் செல் தயாரித்துக்கொண்டே இருப்பதாலும், சிகிச்சை அளவில் இந்த இழப்பு பெரிதன்று. புரதங்களான நொதிகளை உலர்ந்த நிலையில் எடுத்துக்கொண்டால், பலவற்றை முடக்கவே ஆயிரக்கணக்கான கிரே தேவைப்படும்.

டிஎன்ஏவின் கதை வேறு. ஒரு மரபணுவுக்குப் பொதுவாக இரண்டே பிரதிகள். 1 கிரே பட்டால் ஒரு செல்லில் ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை முறிவுகளும், 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகளும் ஏற்படுகின்றன. ஓரிழை அறுந்தால் எதிரிழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்து தவறாக ஒட்டிக்கொண்டால், பிரிய முயலும்போது செல் மடிகிறது. இயல்பான செல்கள் அடுத்த வேளைக்குள் பெரும்பாலான முறிவுகளைச் செப்பனிட்டுவிடும், புற்றுச் செல்கள் பலவற்றுக்கு அந்தத் திறன் குறைவு என்பதால்தான் கதிர்வீச்சின் அளவு நாள்தோறும் பிரித்துத் தரப்படுகிறது.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ராடிக்கலால் சேதமான டிஎன்ஏவில் ஆக்சிஜன் சேர்ந்துகொண்டால் சேதம் நிலைத்துவிடுகிறது; வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதைத் தணிக்கக்கூடும், அந்தப் பாதுகாப்பு புற்றுக் கட்டிக்கும் கிடைத்துவிடலாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழங்களும் காய்கறிகளும் வழக்கம்போல் கொடுக்கலாம். முட்டை, பருப்பு, தயிர், மீன் ஆகியவற்றைச் சற்றுக் கூடுதலாகவே கொடுங்கள். சிகிச்சையில் பாதிக்கப்படும் தோல் மீண்டும் வளர அந்தப் புரதம் வேண்டும்.